எடை குறையவில்லை, ஈரல் கொழுப்பு குறைந்தது

சென்ற ஆண்டு எடுத்த வயிற்று ஸ்கேனில் எனக்கு ஃபேட்டி லிவர் (ஈரலில் கொழுப்பு சேரும் நோய்) கிரேடு 2, அதாவது நடுத்தர அளவு, என்று வந்தது. மதுப்பழக்கம் இல்லாத எனக்கு அது அதிர்ச்சியாகவே இருந்தது. அதன்பின் கிருஷ்ணகிரி அணைப்பக்கம் தினமும் 45 நிமிடம் வேகமாக நடந்தேன். ஆறு மாதத்தில் எடை ஒரு கிலோகூட முழுதாக இறங்காததைக் கண்டு வீட்டில் எல்லோரும் வருந்தினார்கள். ஆனால் மறு ஸ்கேன் கிரேடு 1 என்று காட்டியது.

காரணத்தைத் தேடிப் படித்தபோது, ஈரலின் நோய்க்குத் தொடைத் தசையிலும் வேர் இருப்பது புரிந்தது. உணவுக்குப் பின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையின் பெரும்பங்கை இன்சுலினின் துணையோடு வாங்கிச் சேமிப்பவை தசைகளே. அவை இன்சுலினுக்குச் செவிசாய்க்காதபோது (இதுவே இன்சுலின் எதிர்ப்பு), மிஞ்சும் சர்க்கரை ஈரலுக்குப் போய்க் கொழுப்பாக மாறுகிறது. உழைக்கும் தசையோ இன்சுலினை எதிர்பாராமலேயே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இன்சுலின் எதிர்ப்பு உள்ள இளைஞர்கள் ஒரே ஒருமுறை 45 நிமிடம் உடற்பயிற்சி செய்தாலே, அடுத்த உணவுக்குப்பின் ஈரலில் புதுக்கொழுப்பு உருவாவது குறைகிறது என்று யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் காட்டினார்கள். சிட்னியில் 2009-இல் வெளியான ஆய்வில், நான்கு வாரம் சைக்கிள் மிதித்தவர்களின் எடை மாறாமலேயே ஈரல் கொழுப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது.

என்னை மிகவும் வியக்கவைத்தது தசைநாருக்குள் இருக்கும் கொழுப்பு. நீரிழிவு நோயாளியின் தசையைப் போலவே நெடுந்தூர ஓட்டக்காரரின் தசையிலும் அது நிறைய உண்டு. ஓடுபவருக்கு அது அன்றாடம் எரிந்து, அன்றாடம் நிரம்பும் எரிபொருள். உட்கார்ந்தே இருப்பவருக்கோ அது தேங்கி, அதிலிருந்து பிறக்கும் சில பொருள்கள் இன்சுலினின் கட்டளையைத் தடுக்கின்றன. காலையில் ராகிக் களி உண்டு, பொழுது சாயும்வரை கொல்லையில் உழைத்த என் தந்தையின் தலைமுறையை இப்போது வேறு கண்ணோடு பார்க்கிறேன். அதே களியை உண்டுவிட்டு நான் எட்டு மணி நேரம் கணினிமுன் அமர்ந்திருந்தேன்.

எடை குறைவது வீண் என்று சொல்ல வரவில்லை. ஈரலில் வீக்கமும் தழும்பும் தொடங்கியவர்களுக்கு 7 முதல் 10 சதவீத எடைக்குறைப்பு பெரிதும் உதவுகிறது. அவர்கள் மருத்துவரின் கண்காணிப்பில் இருப்பதும் அவசியம்.

முழங்கால் வலியால் நடக்க இயலாத என் அக்காவுக்கும் ஃபேட்டி லிவர் உண்டு. தசைக்குச் சுமை கொடுக்கும் பயிற்சியும் ஈரல் கொழுப்பைக் குறைக்கும் என்பதால், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைக் கைகளில் தூக்கி இறக்கும் பயிற்சியைத் தொடங்கியிருக்கிறார். பொங்கல் கழிந்ததும் அவருக்கு மறு ஸ்கேன்.