எண் சொல்ல முடியாத வலி

மயக்கவியலில் வலி பற்றிய ஆய்வுத் திட்டம் எழுதும்போது, யாரையெல்லாம் சேர்க்கக் கூடாது என்றொரு பட்டியல் போடுவோம். ‘வலி அளவுகோலைப் புரிந்துகொள்ள இயலாதவர்கள்’ என்ற வரி அதில் பெரும்பாலும் இருக்கும். மறதி நோய் முற்றிய முதியவர்கள் அந்த ஒரு வரியோடு வெளியே போய்விடுகிறார்கள். பிறகு அவர்களுக்கான மருந்தளவை மற்றவர்களை வைத்து ஊகிக்கிறோம். இது அநியாயம் என்றே எனக்குப் படுகிறது.

நான் வேலை பார்க்கும் இடத்தில் இடுப்பெலும்பு முறிந்து வரும் பாட்டிகள் அதிகம். நினைவு தெளிவாக உள்ளவர்களே “வலி பத்துக்கு எத்தனை?” என்றால் விழிப்பார்கள். “ஒரு ரூபாயில் எத்தனை பைசா வலிக்கிறது பாட்டி?” என்று கேட்டால், “முக்கால் ரூபாய் இருக்கும் சாமி” என்று பதில் வரும். மறதி நோய் உள்ளவரிடம் இதுவும் பலிக்காது. அறுவைக்கு முன் இடுப்புக்குக் கீழே மரக்கவைக்கும் தண்டுவட ஊசிக்காக அப்படி ஒருவரை உட்காரவைக்கத் தூக்கினோம். அவர் கத்தவில்லை. “டாக்டர், கையைப் பாருங்கள்” என்றார் செவிலியர். கட்டில் கம்பியைப் பற்றிய விரல்கள் வெளுத்திருந்தன. புருவம் நெரிந்து, மூச்சு விட்டுவிட்டு வந்தது. திரும்பப் படுக்கவைத்து, அல்ட்ராசவுண்டில் பார்த்துக் கவட்டைக்குச் சற்றுக் கீழே நரம்பை மரக்கவைக்கும் ஊசி போட்டோம். அது வேலை செய்த பிறகு, முகம் சுளிக்காமல் உட்கார்ந்தார்.

மூச்சு, முனகல், முகம், உடல் அசைவு, தேற்றினால் அடங்குகிறாரா என்ற ஐந்தையும் பார்த்து மதிப்பெண் போடும் முறை 2003இலேயே வந்துவிட்டது. சில நிமிட வேலைதான். ஆனாலும் நெரிசலான வார்டில் கேட்கிறவருக்குத்தான் மருந்து போகிறது. 2000இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இடுப்பெலும்பு முறிந்தவர்களில் மறதி நோய் முற்றியவர்களுக்கு, நினைவு தெளிவாக இருந்தவர்கள் பெற்ற மார்ஃபின் வகை மருந்தில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்திருந்தது. மருந்து மனக்குழப்பத்தை உண்டாக்கும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் தீராத வலியும் அதே குழப்பத்தை உண்டாக்கும்.

பச்சிளங்குழந்தைகளும் இப்படித்தான் விடப்பட்டிருந்தார்கள். 1980கள் வரை, போதிய வலி நிவாரணியே இல்லாமல் குறைமாதக் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. இந்தியாவில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டு சென்ற கே.ஜே.எஸ். ஆனந்தும் அவருடைய சகாக்களும் 1987இல் வெளியிட்ட ஆய்வு, ஃபென்டானில் என்ற வலி நிவாரணி பெற்ற குழந்தைகளுக்கு, அறுவையின் தாக்கத்துக்கு உடல் காட்டும் அழுத்த எதிர்வினையும் பின்விளைவுகளும் குறைவு என்று காட்டியது. அந்தக் குழந்தைகளிடம் ஆய்வாளர்கள் எண் கேட்கவில்லை. இரத்தத்தில் அந்த எதிர்வினையைக் காட்டும் ஹார்மோன்களை அளந்தார்கள்.

இப்போது எழுதிவரும் திட்டத்தில் அந்த விலக்கு வரியை எடுத்துவிட்டேன். நெறிமுறைக் குழு, நோயாளியின் சம்மதம் பற்றித்தான் நிறையக் கேட்டது. மகனோ மகளோ கையெழுத்திட்டால் போதுமா என்று நீண்ட விவாதம். உறவினர் சம்மதித்த பிறகும், பரிசோதிக்க வருபவரின் கையை நோயாளி தட்டிவிட்டால் அதை மறுப்பாகவே கொள்ள வேண்டும் என்றார்கள். அந்த நிபந்தனையை அப்படியே சேர்த்துக்கொண்டேன்.