லா கிளார்க் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் பேப்பர்புக்கிலிருந்து ஆரம்பியுங்கள்

உச்ச நீதிமன்ற நீதிபதிகளிடம் லா கிளார்க்காக, அதாவது சட்ட ஆய்வு உதவியாளராகச் சேர நடக்கும் தேர்வுக்கு, பலரும் முன்சீப் தேர்வுக்குப் படிப்பதுபோலவே படிக்கிறார்கள். சட்டப் பிரிவுகளை நெட்டுருப் போட்டவர்கள் முதல் பகுதியைத் தாண்டிவிடுவார்கள். சறுக்குவது இரண்டாம் பகுதியில்தான். நீதிபதியின் அலுவலகமான சேம்பரில் தினமும் செய்யப்போகும் வேலையை அங்கேயே செய்து காட்டச் சொல்கிறார்கள்.

2025-இல் மார்ச் 9 அன்று நாட்டின் 23 நகரங்களில் இரண்டு பகுதிகளும் ஒரே நாளில் நடந்தன. முதல் பகுதி கொள்குறி வினாக்கள். இரண்டாவது விரிவாக எழுதுவது: ஒரு வழக்கின் சுருக்கம், ஆய்வுக் குறிப்பு, பகுப்பாய்வுக் கேள்வி. பிறகு நேர்காணல். முதல் பகுதியில் தேறாதவரின் எழுத்துத்தாளைத் திருத்தவே மாட்டார்கள், ஆகவே அதை அலட்சியம் செய்யவும் முடியாது. வயது 20 முதல் 32 வரை. சட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். ஓராண்டு ஒப்பந்தப் பணி, 2025-இல் தொகுப்பூதியம் மாதம் 80,000 ரூபாயாக இருந்தது. சென்னை உயர் நீதிமன்றமும் அதன் மதுரைக் கிளையும் இதே மாதிரி ஆய்வு உதவியாளர்களை எடுக்கின்றன. சம்பளம் அங்கே குறைவு, வேலையின் தன்மை ஏறக்குறைய ஒன்றுதான்.

திங்கள், வெள்ளியில் வரும் புது மனுக்கள்தான் சேம்பரின் பெரும் சுமை. ஒரு அமர்வின் முன் ஒரே நாளில் ஐம்பது, அறுபது வழக்குக் கட்டுகள் (பேப்பர்புக்) வரும். பெரும்பாலானவை அரசமைப்புச் சட்டத்தின் 136-ஆவது பிரிவின் கீழ் மேல்முறையீட்டுக்கு அனுமதி கேட்டு வரும் சிறப்பு அனுமதி மனுக்கள், பேச்சு வழக்கில் எஸ்எல்பி. நீதிபதி ஒவ்வொன்றையும் முந்தைய நாளே படித்துவிட்டுத்தான் இருக்கைக்குப் போவார். அவர் படிப்பதை விரைவாக்குவதே நீங்கள் எழுதும் வழக்குச் சுருக்கமான கேஸ் நோட்டின் வேலை. ஒன்றரைப் பக்கத்தைத் தாண்டினால் அந்தப் பயன் போய்விடும்.

எஸ்எல்பி கட்டைத் திறந்ததும் காலவரம்பு பற்றிய அலுவலக அறிக்கை, வழக்கின் சுருக்கமும் தேதிப் பட்டியலும், மனுவில் எதிர்க்கப்படும் தீர்ப்பு, மனு, பி-1, பி-2 என்று எண்ணிட்ட இணைப்புகள், கடைசியில் துணை மனுக்கள் என்று வரிசையாக இருக்கும். புதியவர்கள் சுருக்கத்தைப் படித்துவிட்டு அதையே சற்றுச் சுருக்கி எழுதிவிடுவார்கள். அது மனுதாரரின் வழக்கறிஞர் எழுதியது. அவருக்குப் பாதகமான தேதி அதில் இருக்காது, இருந்தாலும் ஒரு வரியில் ஓடிவிடும். எனவே முதலில் உயர் நீதிமன்றத் தீர்ப்பின் கடைசிப் பத்திகளுக்குப் போங்கள். என்ன உத்தரவு, எந்தக் காரணத்துக்காக என்று பாருங்கள். அடுத்து கீழ் நீதிமன்றங்கள் என்ன சொன்னன, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்பது. ஒரே உண்மையை இரண்டு நீதிமன்றங்களும் ஒருமனதாக ஏற்றிருந்தால் உச்ச நீதிமன்றம் எளிதில் தலையிடாது, அதை நோட்டின் மேலேயே எழுத வேண்டும். தேதிப் பட்டியலைக் கடைசியாகப் படித்தால் போதும். அதில் விடுபட்டவை அப்போது தானாகவே கண்ணில் படும்.

காலவரம்பு தீர்ப்பு நாளிலிருந்து 90 நாள். தாமதம் இரண்டு வகை: தாக்கல் செய்ததில் ஒன்று, குறை நிவர்த்தி செய்து மறுதாக்கல் செய்ததில் இன்னொன்று. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. தண்டனை பெற்றவரின் மனுவாக இருந்தால் சரணடைந்த சான்று இருக்கிறதா, இல்லையென்றால் விலக்குக் கோரும் மனு இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் வழக்கு நகராது.

ஜாமீன் மனு என்றால் நீதிபதி தேடுவது இப்படியொரு பத்தியை (விவரங்கள் கற்பனை): "மனுதாரர் 2 ஆண்டு 4 மாதமாகச் சிறையில். குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டது. 48 சாட்சிகளில் 6 பேர் விசாரிக்கப்பட்டுள்ளனர். உடன் குற்றம்சாட்டப்பட்ட மூவரில் இருவருக்கு ஜாமீன் கிடைத்துள்ளது, மனுதாரர் மீதான குற்றச்சாட்டு அவர்களிடமிருந்து வேறுபடுகிறது, பி-4, பக்கம் 62 காண்க. முந்தைய வழக்கு ஒன்று, அதில் விடுதலை." பக்க எண் கட்டாயம். வாதத்தின் நடுவே நீதிபதி அந்தப் பக்கத்தைத் திருப்பும்போது அது அங்கே இருக்க வேண்டும்.

2024 ஜூலை 1-இல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தபின் ஒரு புதுக் குழி உருவாகியிருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் வழக்கை ரத்து செய்யும் உள்ளார்ந்த அதிகாரம். அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 482 என்பது முன்ஜாமீன், ரத்து அதிகாரம் 528-க்குப் போய்விட்டது. எண்ணை மட்டும் பார்த்து நோட் எழுதினால் மனுவின் தன்மையே மாறிவிடும். குற்றம் நடந்த தேதி ஜூலை 1-க்கு முன்பா பின்பா என்பதையும் எழுதுங்கள். முந்தைய குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும்.

ஆய்வுக் குறிப்பில் மதிப்பெண் போவது பெரும்பாலும் முன்தீர்ப்புகளைக் கையாளும் இடத்தில். ஒரு தீர்ப்பைக் காட்டுமுன் எத்தனை நீதிபதிகள் அமர்ந்தார்கள், பின்னால் பெரிய அமர்வு அதை மாற்றியதா, மேற்கோள் பெரும்பான்மைத் தீர்ப்பிலிருந்து வந்ததா என்று பாருங்கள். தீர்ப்பின் மேலே அச்சாகும் சுருக்கமான தலைக்குறிப்பு தீர்ப்பின் பகுதி அல்ல, பதிப்பாளர் எழுதியது. அதை மேற்கோள் காட்டவே கூடாது. "எஸ்எல்பி தள்ளுபடி ஆனது, எனவே உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது" என்று எழுதுவதும் தவறு. அனுமதி தராமல் தள்ளுபடி செய்தால் அந்தத் தீர்ப்பு உச்ச நீதிமன்ற உத்தரவுடன் இணைவதில்லை என்று 2000-இல் குஞ்ஞயம்மத் வழக்கில் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. முதல் பகுதியிலும் கேட்கத் தோதான விஷயம் இது.

ஏஐ கருவிகள் தரும் தீர்ப்புப் பெயர்களை அப்படியே நம்பாதீர்கள். இல்லாத வழக்கை எண்ணோடும் ஆண்டோடும் சொல்லும். உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புத் தொகுப்பான இ-எஸ்சிஆர் தளத்தில் இலவசமாகத் தேடலாம், 2023 முதல் வந்திருக்கும் ஐஎன்எஸ்சி நடுநிலை எண்ணை (தீர்ப்புக்கு நீதிமன்றமே தரும் மேற்கோள் எண்) போட்டால் தீர்ப்பு நேராக வந்துவிடும். அசல் பத்தியைத் திறந்து படித்த பிறகே குறிப்பில் ஏற்றுங்கள்.

எஸ்எல்பி கட்டு வெளியாருக்குச் சுலபத்தில் கிடைக்காதே, பயிற்சிக்கு என்ன செய்வது? உச்ச நீதிமன்றம் அண்மையில் முடித்த ஒரு சிவில் மேல்முறையீட்டை எடுங்கள். தீர்ப்பைத் திறக்காமல், அதில் எதிர்க்கப்பட்ட உயர் நீதிமன்றத் தீர்ப்பை மட்டும் இறக்குங்கள். முப்பது பக்கத்துக்குள் இருந்தால் நல்லது. ஒரு மணி நேரத்தில் ஐநூறு சொல்லில் ஆங்கிலத்தில் கையால் நோட் எழுதுங்கள், கடைசியில் எழும் சட்டக் கேள்வியை ஒரே வாக்கியத்தில் வையுங்கள். பிறகு உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் திறந்து, அவர்கள் எழுப்பிய கேள்வியோடு ஒப்பிடுங்கள். முதலில் பெரும்பாலும் பொருந்தாது. உண்மைகளைக் கொட்டிவிட்டுக் கேள்வியைக் கோட்டைவிட்டிருப்பீர்கள். வாரத்துக்கு மூன்று என்று செய்தால் சில வாரங்களில் எதை விடலாம் என்பது பிடிபடும்.

நேர்காணலில் ரகசியம் பற்றிய கேள்வி வரக்கூடும். வரைவுத் தீர்ப்பை வீட்டு மின்னஞ்சலுக்கு அனுப்பலாமா, கல்லூரி சீனியரின் வழக்கு பட்டியலில் வந்தால் என்ன செய்வீர்கள் என்பது போல. அனுப்பக் கூடாது. சீனியர் வழக்கானால் கட்டைத் தொடுமுன்பே நீதிபதியிடமோ அவருடைய செயலரிடமோ சொல்லிவிட வேண்டும்.