காரணி பிரியாத கணக்குகள்

போன மார்கழியில் எங்கள் கணித மாஸ்டர் காலமானார். மலருக்கு எழுதித் தரச் சொல்லிக் கேட்டபோது வேறு எதைப் பற்றியும் எழுத மனம் வரவில்லை.

மணி, தேவாரம், பிறகு முதலாம் பாடம். நான் டியூஷனில் பாடமாக்கிய இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரத்தைப் பலகையில் எழுதி விடை எடுத்தேன். விடை சரிதான். மாஸ்டர் எல்லாவற்றையும் அழித்தார். "தம்பி, இது எங்கையிருந்து வந்தது?" எனக்குத் தெரியவில்லை. பாடம் முடியும்வரை அங்கேயே நின்றேன். வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கோபம் எனக்குக் கனகாலம் இருந்தது.

அடுத்த நாள் அவரே பலகையில் எழுதினார்: எக்ஸ் வர்க்கம் சக 6 எக்ஸ் சமன் 4. காரணி பிரிக்க, பெருக்கம் சய 4 (கழித்தல் 4), கூட்டுத்தொகை 6 வரும் இரண்டு முழு எண்களைத் தேடச் சொன்னார். கிடைக்கவில்லை. "காரணி பிரியாட்டில் கணக்கை விட்டிடுறதோ?" என்று கேட்டபடி ஒரு சதுரம் கீறினார். பக்கம் எக்ஸ். 6 எக்ஸைச் சரிபாதியாக்கி, 3 அகலமுள்ள இரண்டு செவ்வகங்களாக இரு பக்கமும் ஒட்டினார். மூலையில் ஒரு இடம் வெறுமையாக இருந்தது. அது 3க்கு 3, பரப்பு 9. அதை நிரப்பினால் முழுச் சதுரம். மற்றப் பக்கமும் 9 கூட்ட 13. ஆகவே எக்ஸ் சக 3 என்பது 13இன் வர்க்கமூலம். மடக்கைப் புத்தகத்தில் 3.606 பார்த்தோம். எக்ஸ் 0.606. படத்தில் சய நீளம் வராது, அதனால் மற்ற விடையான சய 6.606ஐ மறக்கக் கூடாது என்று இரண்டு தரம் சொன்னார்.

ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாத்தில் அல் குவாரிஸ்மி என்ற கணித அறிஞர் இப்படித்தான் சதுரம் கீறி விளக்கினார் என்றும் சொன்னார். பிறகு எண்களுக்குப் பதில் எழுத்துகள்: ஏ எக்ஸ் வர்க்கம் சக பீ எக்ஸ் சமன் சீ. 4ஏ ஆல் பெருக்கி, இருபக்கமும் பீ வர்க்கத்தைக் கூட்டினால் பின்னமே வராமல் வர்க்கம் பூர்த்தியாகும். இது பழைய இந்தியக் கணித அறிஞர் ஸ்ரீதரரின் வழி. அவருடைய அட்சரகணித நூல் கிடைக்கவில்லை. பாஸ்கரர் 1150 அளவில் எழுதிய பீஜகணிதத்தில் எடுத்துச் சொன்னதால் தப்பியது. கடைசி வரியில் சூத்திரம் வந்து நின்றபோது வெண்கட்டி என் கையில் இருந்தது. அவர் தந்திருந்தார்.

உயர்தரம் முடிய, 83 கலவரத்துக்குப் பிறகு, நானும் வெளிக்கிட்டேன். "படிச்சுப்போட்டு இஞ்சை வந்து படிப்பியும்" என்றார். ஓம் சேர் என்றேன்.

போரால் வந்த 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் கொடிகாமத்தில் ஒரு மாமரத்தின் கீழ் அவர் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். கணிதத்துக்கு வேறு ஆள் இல்லையாம். அந்த வருடம் நான் ரொறன்ரோவில் வீட்டுக் கடனுக்கு இரண்டு வேலை செய்துகொண்டிருந்தேன். இங்கே சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு அதே சதுரத்தைக் கீறித்தான் காட்டுகிறேன். அவர்கள் கெட்டிக்காரர், உடனே பிடித்துவிடுவார்கள். ஆனால் நான் இல்லாவிட்டாலும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். கொடிகாமத்தில் மாஸ்டர் ஒருவர்தான் இருந்தார்.