பக்கம் புரட்டும் வேலை

இசைக்குறிப்புத் தாளைப் பார்த்தால் ஆறு மாதம் பியானோ படித்த பிள்ளைகூட வாசித்துவிடும் போலிருக்கும். எஸ்டோனியக்காரரான ஆர்வோ பேர்ட் 1978-ல் வயலினுக்கும் பியானோவுக்கும் எழுதிய 'ஷ்பீகல் இம் ஷ்பீகல்', அதாவது கண்ணாடிக்குள் கண்ணாடி. பியானோ மும்மூன்று ஸ்வரமாகத் தட்டிக்கொண்டே போகும். வயலின் முதலில் இரண்டே ஸ்வரம் இழுக்கும். அடுத்து மூன்று, பிறகு நான்கு. ஏறுமுகமாக ஒன்று, அதற்கு எதிரொளியாக இறங்குமுகமாக ஒன்று. எல்லாம் ஒரே ஸ்வரத்தில் போய் நிற்கும். நம் கர்நாடக இசைக் கணக்கில் அந்தர காந்தாரம்.

இதை நாங்கள் ஒலிப்பதிவு செய்தபோது அந்தக் காந்தாரம்தான் வயலின்காரரைப் படுத்தியது. பியானோவில் அது இயல்பான சுருதியைவிட ஏறக்குறைய 14 சென்ட் தூக்கலாக இருக்கும் (அடுத்தடுத்த இரண்டு பியானோ கட்டைகளுக்கு நடுவே நூறு சென்ட்). காது கீழே இழுக்கும், பியானோ மேலே இழுக்கும். ஒவ்வொரு டேக் முடிந்ததும் ஹெட்போனை வாங்கிக் கேட்டுவிட்டு, பேசாமல் திருப்பித் தருவார்.

இங்கிலாந்தில் ஒரு பழைய தேவாலயம், டிசம்பர் இரவு. ஹீட்டரைப் போட்டால் இரைச்சல். அணைத்தால் குழாய்கள் ஆறும்போது அரைமணி நேரம் 'டிக், டிக்'. அது அடங்குவதற்குள் விரல்கள் விறைத்துவிடும், பியானோ சுருதியும் நகர்ந்துவிடும். பியானோக்காரர் டேக்குகளுக்கு நடுவே கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சென்னையில் சினிமாப் பாட்டுக்குக் கிளிக், அதாவது ஹெட்போனில் தாளம் தட்டும் சத்தம், வைத்து, வாத்தியத்தைத் தனித்தனியாகப் பதிந்து, துண்டு துண்டாக ஒட்டிப் பழகியவன் நான். இங்கே கத்தரி வைக்க இடமே இல்லை. பெடல் அழுத்தியபடியே இருப்பதால் ஒரு ஸ்வரம் அடுத்ததன்மேல் படிந்து கிடக்கிறது.

பியானோ எங்கும் நிற்காததால் தாளைப் புரட்ட ஓர் ஆள் வேண்டும். ஒலிப்பதிவு உதவியாளன் நான்தானே! முனையைக் கொஞ்சம் மடித்து வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கி, இரண்டு விரலால் தூக்க வேண்டும். வேகமாகப் புரட்டினால் காற்றுச் சத்தம், மெதுவாகப் புரட்டினால் காகிதச் சத்தம்.

ஐந்தாவது டேக் அமைந்துவிட்டது. பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. கடைசி ஸ்வரம் கல் கூரையில் கரைந்துகொண்டிருந்தது. நிம்மதியில் காலை லேசாக நீட்டினேன். முழங்கால் சொடக்கென்றது.

யாரும் திட்டவில்லை. தயாரிப்பாளர் மட்டும் ஒலிபெருக்கி வழியாக, "அது யார் முழங்கால்?" என்றார். கடைசி இரண்டு வரியைத் திரும்ப வாசித்தார்கள். இசைத்தட்டில் இருக்கும் இறுதி எட்டு விநாடி அந்த டேக்குடையது. அதைப் பதியும்போது நான் வாசலுக்கு வெளியே பனியில் நின்றிருந்தேன்.