ஈரச் சில்லு எங்களைப் படுத்திய பாடு

சிங்கப்பூரின் துவாஸில் ஹோட்டல் துணி வெளுக்கும் சலவை ஆலையில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். விரிப்புகளை வெளுத்துத் தேய்க்க இராப்பகலாக நீராவி வேண்டும். பாய்லரில் டீசலை விட்டுவிட்டு மரச்சில்லுக்கு, அதாவது சின்னதாக நறுக்கிய மரத்துண்டுகளுக்கு, மாறலாம் என்று முதலாளி சொன்னபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். கரையோரப் பூந்தோட்டங்களில் (Gardens by the Bay) வெட்டிய மரக்கிளைகளை எரித்து மின்சாரமும், கண்ணாடிக் கூடங்களின் காற்றை உலர்த்தும் சூடும் எடுக்கிறார்களே, நம்மால் முடியாதா?

புகைபோக்கிக்குச் சுற்றுப்புற வாரியம், பாய்லருக்கு மனிதவள அமைச்சு என்று அனுமதி வேலைகள் ஒழுங்காகவே முடிந்தன.

டிசம்பர் மழையில்தான் மாட்டிக்கொண்டோம். 8 பாரில் நிற்க வேண்டிய நீராவி அழுத்தம் 5-க்கு இறங்கியது. தேய்க்கும் உருளையிலிருந்து விரிப்புகள் ஈரமாகவே வெளியே வந்தன. ஒரு வாரம் நெருப்புக்குப் போகும் காற்றைக் கூட்டினேன், குறைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. பாய்லர் பார்க்கும் அண்ணன் புகைபோக்கியைக் காட்டினார். "தம்பி, புகை வெள்ளையா வருது பாரு. உள்ள விறகு எரியல, அவியுது."

அன்று இரவே 500 கிராம் சில்லைத் தட்டில் பரப்பி 105 டிகிரி அடுப்பில் வைத்தேன். காலையில் நிறுத்துப் பார்த்தால் 260 கிராம். சப்ளையர் 'காய்ந்தது' என்று அனுப்பியதில் 48 சதவீதம் தண்ணீர்! வயிறு எரிந்தது. எடைக்குத்தானே காசு, டன்னுக்குப் பாதி தண்ணீருக்கே கொடுத்திருக்கிறோம். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவும் நம் நெருப்புதான் செலவாகிறது. ஒரு லிட்டர் டீசலின் சூட்டுக்குக் காய்ந்த சில்லு மூன்று கிலோ போதும், இது நான்குக்கு மேல் தின்றது.

ஒப்பந்தத்தை மாற்றினோம்: ஈரம் கழித்த எடைக்குத்தான் பணம். கிடங்குக்குக் கூரை நீட்டி, அடியில் காற்று போக இடம் விட்டோம். பனை வகை மட்டைகளைக் கலக்கவே கூடாது என்று எழுதி வாங்கினோம். அந்த நார், சில்லைப் பாய்லருக்குள் தள்ளும் திருகுக் கன்வேயரில் சுற்றிக்கொண்டால் கத்தியால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும், என் விரலில் இன்னும் தழும்பு இருக்கிறது.

இப்போது லாரி வந்ததும் குவியலின் நடுவில் கைவிட்டு ஒரு வாளி எடுத்து ஈரம் பார்க்கும் மீட்டர் வைக்கிறோம். 35 சதவீதத்துக்கு மேல் காட்டினால் வந்த வழியே போக வேண்டியதுதான். டீசல் பர்னரைக் கழற்றவில்லை. பிப்ரவரிக்குப் பிறகு அதை மூன்று முறைதான் பற்றவைத்தோம்.