ஒரு சிட்டிகை உப்பு

பாளையங்கோட்டை தியாகராஜ நகரில், ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர் வீட்டில்தான் நான் விற்பனையைக் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். அது 2008. வீடு வீடாகப் போய்க் குடிநீர் சுத்திகரிப்புக் கருவி விற்கும் வேலையில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. சம்பளம் கிடையாது. விற்றால் கமிஷன், விற்காவிட்டால் பஸ் செலவும் கைக்காசு.

எங்கள் பையில் ஒரு சோதனைப் பெட்டி இருக்கும். இரண்டு டம்ளர் வைப்போம். ஒன்றில் அந்த வீட்டுக் குழாய்த் தண்ணீர், மற்றதில் எங்கள் கருவி வடிகட்டிய ஆர்.ஓ. தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை இறக்கி மின்சாரம் பாய்ச்சினால், ஓரிரு நிமிடத்தில் குழாய்த் தண்ணீர் மஞ்சளாகி, பழுப்பாகி, கசடு திரண்டு நிற்கும். எங்கள் தண்ணீர் தெளிவாகவே இருக்கும். "இதைத்தான் உங்கள் பிள்ளைகள் குடிக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

சார் கடைசி வரை பொறுமையாகப் பார்த்தார். பிறகு அடுக்களைக்குள் போய் உப்புச் சாடியோடு வந்தார். எங்கள் தண்ணீர் இருந்த டம்ளரில் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கி, "இப்போது மறுபடியும் செய்யுங்கள், அம்மா" என்றார். செய்தேன். அதுவும் பழுத்தது.

"கரைவது உங்கள் கம்பியில் இருக்கிற இரும்பு. தண்ணீரில் உப்புகள் இருந்தால் மின்சாரம் ஓடும், இரும்பு கரையும். உங்கள் தண்ணீரில் உப்பை எடுத்துவிட்டீர்கள், அதனால் ஓடவில்லை. அழுக்குக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை."

அவர் திட்டவில்லை. அவர் மனைவி மோர் கொடுத்தார். வாங்கிக் குடிக்கக் கை நடுங்கியது. அதுவரை நான் அந்தச் சோதனையை நம்பித்தான் காட்டினேன். நம்பிக் காட்டியே ஒன்பது வீடுகளில் விற்றிருந்தேன்.

அந்த ஒன்பதில் ஒன்று முக்கூடலில் பீடி சுற்றும் ஓர் அக்காவின் வீடு. தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வருகிற ஊர். வாரக் கூலியில் மிச்சம் பிடித்துத் தவணை கட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த சனிக்கிழமை போய் உண்மையைச் சொன்னேன். மடியில் சுளகு, அதில் வெட்டிய இலையும் தூளும். கேட்டுக்கொண்டே அவள் விரல்கள் இலையைச் சுருட்டின, நூலைச் சுற்றின, முனையை மடக்கின. நான் சொல்லி முடித்தபோது நான்கைந்து பீடி சுளகில் விழுந்திருந்தது. "இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தாய்?" என்று மட்டும் கேட்டாள்.

கம்பெனி கருவியைத் திரும்ப எடுக்காது. அவளுடைய கடைசித் தவணைகளுக்கு என் கமிஷனைக் கட்டினேன். அந்த மாதம் என் வீட்டில் சிரமம்தான். கொஞ்ச நாள் கழித்து அவளே திசையன்விளையில் இருக்கும் நாத்தனார் வீட்டு முகவரியைக் கொடுத்தாள். அங்கே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை நனைத்தால் எண் 2000ஐத் தாண்டியது. கரைந்த உப்புகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை. அந்தத் தெருவுக்கு ஆர்.ஓ. கருவி உண்மையிலேயே தேவைப்பட்டது. சோதனைப் பெட்டியைத் திறக்காமலே விற்றேன். ஆற்றங்கரை ஊர்களை விட்டுவிட்டு ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் என் பாதையை மாற்றிக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

மூன்று வருடம் அப்படி ஓடியது. பிறகு வண்ணார்பேட்டையில் ஒரு ஷோரூம் வேலை, அடுத்து வீட்டு உபயோகப் பொருள் கம்பெனி ஒன்றில் விற்பனை அதிகாரி, 2022இல் தென் மாவட்டங்களுக்கு மண்டல மேலாளர். இடையில் நடந்த தேர்வுகளையும் இடமாற்றங்களையும் சொல்லிக்கொண்டிருக்க விருப்பமில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். எங்கள் மாதக் கூட்டம் மதுரையில் ஒரு ஓட்டலில் இரவு ஏழு மணிக்குத்தான் தொடங்கும். அந்த அறையில் நான் ஒருத்திதான் பெண். பொறுப்புக்கு வந்ததும் முதலில் கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு மாற்றினேன். இன்று என் குழுவில் ஆறு பெண்கள் இருக்கிறார்கள். கடைசி பஸ்ஸைப் பற்றிய பயம் இல்லாமல் வேலை பார்க்க விட்டால் பெண்கள் வருவார்கள் என்பது எனக்கு முன்பே தெரியும். பையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பஸ்ஸுக்கு ஓடியவள் நான்.

மேலே வந்த பிறகும் அந்தப் பழுப்புத் தண்ணீரை வேறு வடிவத்தில் பார்த்தேன். கம்பெனி டீலருக்கு பில் போட்டால் எங்கள் கணக்கில் அது விற்பனை. டீலரிடமிருந்து வீடுகளுக்குப் போயிற்றா என்று யாரும் கேட்பதில்லை. காலாண்டு முடியும்போது இலக்கை எட்ட, டீலர் தலையில் சரக்கைக் கட்டுவார்கள். காகிதத்தில் எண் அழகாக இருக்கும். வட்டி கட்டுவது டீலர்.

எங்கள் ஊரில் பணம் காலாண்டுக் கணக்கில் வருவதில்லை. பிசான நெல் அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் வரும். தீபாவளிக்கு முன் பீடி போனஸில் வரும். கடையநல்லூர், மேலப்பாளையம் வீடுகளில் வெளிநாட்டிலிருந்து ஆள் வரும்போது வரும். ஆடியில் வராது. இதை ஓர் அட்டவணையாக எழுதி, இலக்கை அதன்படி பிரித்துத் தரக் கேட்டேன். பாதி ஏற்றார்கள்.

2023 டிசம்பரில் கூடுதல் பில் போடச் சொல்லி நெருக்கடி வந்தது. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் குடோன் வைத்திருந்த டீலரிடம் ஏற்கெனவே இரண்டு மாதத்துக்கான சரக்கு இருந்தது. போட மாட்டேன் என்று எழுத்தில் கொடுத்தேன். 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்தது. அவர் குடோனில் இடுப்பளவு தண்ணீர். தரையில் இருந்த பெட்டிகள் போயின. மேல் அடுக்கில் இருந்தவை தப்பின. நான் பில் போட்டிருந்தால் அந்தச் சரக்கும் தரையில்தான் இருந்திருக்கும், வேறு இடம் இல்லை. சேறு அள்ளிக்கொண்டிருந்தபோது அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் காலாண்டில் என் மண்டலம் இலக்கை எட்டவில்லை, எனக்கு வரவேண்டிய பதவி உயர்வும் ஒரு வருடம் தள்ளிப்போனது. அதை இன்னொரு முறை செய்யச் சொன்னாலும் செய்வேன்.

நேரடி விற்பனைக்கு 2021 டிசம்பரில் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. அடையாள அட்டை இல்லாமலும் முன்கூட்டி நேரம் கேட்காமலும் ஒருவர் வீட்டுக்குப் போகக் கூடாது, தவறான தகவல் சொல்லி விற்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் அதை வாசித்துக் காட்டுகிறேன். பிறகு மேசையில் இரண்டு டம்ளர் வைத்து, பழைய சோதனைப் பெட்டியைத் திறக்கிறேன். ஒன்று பழுக்கும். பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். உப்புச் சாடியை அவர்களில் ஒருத்தியிடம் கொடுத்து, தெளிவாக இருக்கும் டம்ளரில் ஒரு சிட்டிகை போடச் சொல்வேன். அதுவும் பழுக்கும் வரை காத்திருப்போம். விலைப்பட்டியலை அதற்குப் பிறகுதான் பிரிப்போம்.