சேப்பாக்கம் மட்டைக்கு விலை வைத்த அனுபவம்

பள்ளத்தூரில் எங்கள் ஐயா (தாத்தா) வீட்டுச் சாமான்களைப் பங்கு பிரித்தபோது பித்தளை, வெண்கலம், பர்மாத் தேக்கு பீரோ எதிலும் சிக்கல் வரவில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலிருந்து பழம்பொருள் வியாபாரி ஒருவர் வந்து மளமளவென்று விலை சொல்லிவிட்டார். கையெழுத்துகள் நிறைந்த கிரிக்கெட் மட்டையை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "இது எனக்குப் பிடிபடாதுங்க. நான் ஒரு விலை சொல்லி, உங்களுக்குள்ள மனஸ்தாபம் வரக்கூடாது" என்று திருப்பிக் கொடுத்தார். நேர்மையான மனிதர். பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து அந்தப் பொறுப்பை என்னிடம் விட்டார்கள்.

முதலில் மை. தெரிந்த நகைக்கடையிலிருந்து வைரம் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸை இரவல் வாங்கினேன். மட்டையின் முகத்தில் கம்பெனியே அச்சடித்த ஒரு ஆட்டக்காரரின் கையெழுத்து உண்டு. அது கணக்கில் வராது. லென்ஸில் பார்த்தால் கோடு முழுக்க ஒரே தடிமன், மரத்தில் அழுத்தமே இல்லை. பின்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் போட்டவை வேறு மாதிரி. பேனா பதிந்த பள்ளம் தெரிகிறது, வேகமாக இழுத்த இடத்தில் மை மெலிகிறது, ஒரு கோடு இன்னொன்றைத் தாண்டும் இடத்தில் எது மேலே என்று கண்டுபிடிக்க முடிகிறது. மட்டையைச் சாய்த்து, பக்கவாட்டில் டார்ச் அடித்தால் பள்ளங்கள் இன்னும் பளிச்சென்று தெரியும்.

அப்புறம் பெயர்கள். கபில்தேவ், கவாஸ்கர், ஆலன் பார்டர், டீன் ஜோன்ஸ் ஆகியோரை எளிதில் படித்துவிட்டேன். எனக்கு நம்பிக்கை தந்தது கிரெக் ரிச்சியும் டிம் சோரரும்தான். போலி செய்பவன் காசு தரும் பெயர்களைத்தான் போடுவான், சோரருக்காக மெனக்கெட மாட்டான். இவர்கள் எல்லோரும் ஒன்றாக ஆடியது 1986 செப்டம்பரில், சென்னை சேப்பாக்கத்தில், இரண்டு அணியின் ரன்னும் சமமாகி 'டை'யில் முடிந்த அந்த இந்தியா-ஆஸ்திரேலியா டெஸ்டில். வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே டீன் ஜோன்ஸ் 210 அடித்தார். 348 ரன் இலக்கைத் துரத்திய இந்தியா 347-இல் நின்றது. டெஸ்ட் வரலாற்றில் 1960 பிரிஸ்பேனுக்கு அடுத்து அப்படி முடிந்த ஆட்டம் இது ஒன்றுதான். மைதானத்துக்குப் பெயர் தந்த எம்.ஏ.சிதம்பரம் கானாடுகாத்தான் ராஜா அண்ணாமலைச் செட்டியாரின் மகன் என்பதால் எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்தில் அந்த ஆட்டத்தை இன்றும் உரிமையோடு பேசுவார்கள்.

ஆனால் அதே இரண்டு அணியும் டெல்லியிலும் பம்பாயிலும்கூட ஆடின. கையெழுத்து அங்கே வாங்கியதாக இருந்தால் 'டை' டெஸ்ட் மட்டை என்று சொல்ல முடியாது. வாங்கி வந்த சித்தப்பா இப்போது இல்லை. வீட்டில் சொல்லும் கதையை வெளியாள் எதற்கு நம்ப வேண்டும்? விடை பெட்டகத்தில் பழைய கடிதக் கட்டில் இருந்தது. மெட்ராஸிலிருந்து சித்தப்பா ஐயாவுக்குப் போட்ட இன்லேண்ட் லெட்டர். "அப்பச்சிக்கு" (அப்பாவுக்கு) என்று தொடங்கி, கடைசி விக்கெட்டுக்கு எல்.பி.டபிள்யூ கொடுத்த அம்பயரைத் திட்டிவிட்டு, இரண்டு அணியிடமும் கையெழுத்து வாங்கிய மட்டையைத் தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது கொண்டுவருவதாக எழுதியிருந்தார். தபால் முத்திரையில் மாதமும் வருடமும் தெளிவு. விலையைத் தீர்மானித்தது இந்தக் கடிதம்தான் என்பேன். கபிலும் கவாஸ்கரும் எத்தனையோ பேருக்குக் கையெழுத்துப் போட்டவர்கள், அந்தப் பெயர்கள் மட்டும் அபூர்வம் ஆகிவிடாது. எந்த ஆட்டத்தில் வாங்கியது என்பதற்கு எழுத்துச் சான்று இருப்பதுதான் அபூர்வம்.

விலைக்கு வந்தபோது குடும்பத்தில் ஆளுக்கொரு தொகை சொன்னார்கள். 2011 ஜூலையில் லண்டன் ஏலத்தில் தோனியின் மட்டை ஒரு லட்சம் பவுண்டுக்குப் போனதை ஒருவர் எடுத்துக்காட்டினார். அது உலகக்கோப்பை இறுதி ஆட்டத்தில் அவர் ஆடிய மட்டை, ஏலமும் தர்ம காரியத்துக்காக நடந்தது. எங்களுடையது ஆடாத மட்டை. இணையத்தில் லட்சக்கணக்கில் விலை போட்டிருப்பதையும் காட்டினார்கள். அதெல்லாம் விற்பவர் கேட்கும் விலை. நான் எடுத்துக்கொண்டது இங்கிலாந்து ஏலக் கம்பெனிகள் வெளியிடும், உண்மையில் விற்றுப்போன விலைகளை. அதிலும் இரண்டு அணியும் கையெழுத்திட்ட, ஆட்டத்தில் பயன்படாத மட்டைகளை மட்டும் பார்த்தேன். வாங்குபவர் தனியாகக் கட்டும் கமிஷன் அந்தத் தொகையில் சேர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றிலும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு தப்பும். விற்பவரிடம் பிடிக்கும் கமிஷன், அனுப்பும் செலவு எல்லாம் கழித்து, 'டை' டெஸ்டுக்கும் கடிதத்துக்கும் கொஞ்சம் கூட்டி, 35,000 ரூபாய் என்று எழுதினேன். இன்ஷூரன்ஸுக்கு என்றால் இதைவிடக் கூடுதலாகப் போடலாம், ஏனென்றால் தொலைந்தால் இன்னொன்றைக் கடை விலைக்குத்தான் வாங்க முடியும். பங்குக்கு, விற்றால் கைக்கு வரும் தொகைதான் நியாயம். பெரியப்பாவுக்கு முதலில் முகம் வாடியது. விற்ற விலைப் பட்டியலை வரிவரியாகக் காட்டியதும் சரி என்றார்.

வெளிநாட்டுக்கு அனுப்பிச் சான்றிதழ் வாங்கலாமா என்றும் யோசித்தோம். இந்த விலையுள்ள பொருளுக்கு அந்தச் செலவு கட்டாது, விற்கும் முடிவெடுத்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். மட்டை சித்தப்பா மகளின் பங்குக்குப் போனது. பளபளப்பாக இருக்கட்டும் என்று வார்னிஷோ எண்ணெயோ போட்டுவிடாதே, மை கலங்கிவிடும் என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். கடிதத்தை ஸ்கேன் எடுத்து எல்லோரும் வைத்துக்கொண்டோம். அசல் மட்டையோடுதான் இருக்க வேண்டும் என்று பங்குப் பட்டியலிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.